சமையலறைக்கு நாற்பது மீட்டர்

“நீங்கள் இப்போது தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரத்தில், எந்தக் கட்டடமும் இல்லாத இடத்தில் நிற்கிறீர்கள்” என்றது போன்.

ஹாஜா மைதீன் காலுக்குக் கீழே பார்த்தான். வெள்ளை டைல்ஸ் இருந்தது. டைல்ஸ்மேல் அவனுடைய ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், வாட்டர் ஃபில்டரின் வயிற்றிலிருந்து உருவிப்போட்ட குழாய்கள் எல்லாம் அமைதியாகக் கிடந்தன. எதுவும் கீழே விழுந்துகொண்டிருக்கவில்லை.

“உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பட்டையை அணிந்திருக்கிறீர்களா?”

ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. ஹாஜா மைதீன் இல்லை என்பதை அழுத்தினான்.

“அப்படியானால் அசையாமல் நில்லுங்கள்.”

“சமையக்கட்டுல நிக்கிறேன்டி!” என்று அவன் போனின் முகத்தைப் பார்த்துக் கத்தினான். “சமையக்கட்டு! அடுப்பு கீது, சிங்க் கீது, கண்ணு தெரியல?”

சமையலறை வாசலில் நின்றிருந்த கனகவல்லி, “யாரைப்பா ‘டி’ போட்டுப் பேசறே?” என்றார்.

“உங்கள இல்லம்மா. இத.”

கனகவல்லி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக எழும்பியிருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் அவர்தான். “பன்னெண்டு மணிக்கு சம்பந்தி வீட்டார் வர்றாங்க, வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லை” என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். நான்காவது முறை சொல்ல வாய் திறந்தபோது அந்த அவசரத்தில் ஹாஜா மைதீன் ஒரு தவறு செய்தான். ஆப் வேலையைத் திறப்பதற்கு முன்பே மெஷினைத் திறந்துவிட்டான்.

விதி அதுவல்ல. முதலில் ‘வழித்துணை’ என்ற அந்த ஆப்புக்கு அவன் வாடிக்கையாளரின் சமையலறையில்தான் நிற்கிறான் என்று தானாகத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் வேலை திறக்கும். வேலை திறந்தால்தான் புது ஃபில்டர் மாட்டிய மெஷின் ஓடும்.

இதையெல்லாம் தாம்பரம் மேற்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். போனுக்குள் சென்சார்கள் இருக்கின்றன. நீ நடக்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா, எந்த மாடியில் இருக்கிறாய், பக்கத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்று அவை பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், கம்பெனியிடம் இந்த உலகத்தின் நகல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டடமும், ஒவ்வொரு அறையும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, நீ எங்கே என்ன செய்கிறாய் என்று உனக்கு முன்பே அதற்குத் தெரியும்.

“ஒரிஜினலே இருக்கறப்ப ஜெராக்ஸ் எதுக்கு சார்?” என்று ஹாஜா மைதீன் அன்றைக்கே எழுந்து கேட்டான்.

“ஒரிஜினல் பொய் சொல்லும்” என்றார் பயிற்சி கொடுத்தவர். “ஜெராக்ஸ் சொல்லாது.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சாம்பார் சாதம் கொடுத்தார்கள்.

இந்த வேலைக்கு முன்னால் ஹாஜா மைதீன் ஏழு வேலை பார்த்திருந்தான். மேடவாக்கத்தில் சோபா தைத்தான். வண்டலூரில் ஒரு ஓட்டலுக்குக் கறி வெட்டிக் கொடுத்தான். ஒரு நோன்பு மாதம் முழுக்க எவனோ கொடுத்த போனை, எதற்கென்று கேட்காமல், கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரப்பாக்கம்வரை வெயிலில் அலைந்தான். கூரியர் பை தூக்கினான். ஒவ்வொன்றையும் ஒரு சண்டையில் விட்டான். கோபம் அவனுக்குத் தும்மல் மாதிரி; வந்த பிறகுதான் வந்தது தெரியும். இது எட்டாவது வேலை, பதினோரு மாதமாக நிற்கிறது. போன மாதம் மகள் மெஹ்னாஸ் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில், யாரையும் கேட்காமல், ‘சீனியர் டெக்னீஷியன்’ என்று பேனாவால் எழுதியிருந்தாள். அதுவரை அந்த இடத்தில் அவள் பென்சிலால்தான் எழுதுவாள்.

சொன்ன நேரத்துக்குள் வேலை திறக்காவிட்டால் ‘இடத்தில் இல்லை’ என்று ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று விழுந்தால் ஐடி முடங்கும். ஐடி இல்லையென்றால் வேலை இல்லை. ஹாஜா மைதீனுக்கு இரும்புலியூரில் ஒன்று, பீர்க்கன்காரணையில் ஒன்று, ஆக இரண்டு ஏற்கெனவே விழுந்திருந்தன. மூன்றாவது விழ இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது. போனின் மூலையில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அவன் உதவி எண்ணை அழுத்தினான்.

“வணக்கம் சார், கிருபா பேசறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. சொல்லுங்க சார்.”

“இன்னாத்த சொல்றது? நான் ரெண்டாவது மாடியில நிக்கிறேன், உங்க ஆப்பு நான் அந்தரத்துல தொங்குறேன்னு சொல்லுது!”

தட்டச்சுச் சத்தம் கேட்டது. “மாடல்ல பாக்கறேன் சார்… ஆமா சார், நீங்க அந்தரத்துலதான் இருக்கீங்க.”

“மேடம்!”

“கோபப்படாதீங்க சார். அந்த வளாகத்துக்கு மாடி எதுவும் பதிவாகலை. கஸ்டமரோட சமையலறை உங்ககிட்டேருந்து நாப்பது மீட்டர்ல, தரைத்தளத்துல காட்டுது. அங்க போய் ஒரு நிமிஷம் நின்னா வேலை ஓப்பன் ஆயிடும். அப்புறம் நீங்க மேல வந்து வேலையைப் பார்க்கலாம்.”

“யார் மேடம் இந்த மாடலப் போட்டது?”

“தெரியலை சார். ஆனா ஏ கிரேடு மாடல். நேர்ல போய் எடுத்தது.”

“நேர்ல வந்தானா? எந்த ஏசி ரூம்ல குந்திகினு நேர்ல வந்தான் அவன்?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் படியிறங்கத் தொடங்கியிருந்தான். லிஃப்டில் போனால் சிக்னல் போகும், சிக்னல் போனால் ‘இடத்தில் இல்லை’ ஆகும். இரும்புலியூரில் கற்றுக்கொண்டது.

திரையில் ஒரு நீல அம்பு முளைத்தது. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போகச் சொன்னது.

கேட்டில் வாட்ச்மேன் ஏசுபாதம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் அவரால் எழ முடியும்.

“சார், உங்கள எங்கியோ பாத்தா மாரி கீது.”

“இப்பதான பெருசு உள்ள போனேன்? கேட்டத் தொற.”

“அது இல்ல சார், மின்னாடி…”

ஹாஜா மைதீன் நிற்கவில்லை. அம்பு அவனைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. எதிரே சாலமனின் டீக்கடை. கொதிக்கும் பாலுக்கும், வடைச் சட்டிக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனார்களுக்கும் நடுவில் போய் நின்றதும் அம்பு மலர்ந்து ஒரு பூவாக மாறியது.

“வாழ்த்துகள்! நீங்கள் வாடிக்கையாளரின் சமையலறைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.”

கொத்தனார்கள் டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“வாடிக்கையாளரின் வீட்டுக்குள் வரும்போது காலணிகளைக் கழற்ற வேண்டும். வெறுங்காலைப் படம் எடுத்து அனுப்பவும்.”

இருபத்தொன்பது நிமிடம் இருந்தது. ஹாஜா மைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான். கிளாஸ் கழுவிய தண்ணீர் ஓடும் தரையில் வெறுங்காலோடு நின்று தன் காலையே படம் எடுத்தான்.

“இன்னா பாய், வேண்டுதலா?” என்றார் சாலமன், பாலை ஆற்றிக்கொண்டே.

“இது டீச்சரம்மா வூட்டு சமையக்கட்டாம்.”

“அப்டியா? அப்ப இந்த மாசத்துலேந்து நான் வாடகை குடுக்க வேணாமில்ல?”

கொத்தனார்கள் சிரித்தார்கள். போன் சிரிக்கவில்லை. “வேலை திறக்கப்பட்டது” என்றது.

ஹாஜா மைதீன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். தெருவின் பாதியைத் தாண்டியபோது போன் மணியடித்தது. “நீங்கள் சமையலறையைவிட்டு வெளியேறிவிட்டீர்கள். வேலை மூடப்படுகிறது.”

அவன் திரும்பி டீக்கடைக்கு ஓடினான். திறந்தது. வெளியே ஓர் அடி வைத்தான். மூடியது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. வீட்டுக்கு வெளியே போக மனமில்லாத பூனை மாதிரி அவன் கடை வாசலில் நான்கு முறை காலை வைத்து எடுத்தான்.

போனை டீக்கடையிலேயே வைத்துவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தான். சாலமனின் கல்லாப்பெட்டிமேல் அதை வைத்துவிட்டுப் பத்தடி நடந்தான்.

“நீங்கள் பத்து நொடியாக அசையவில்லை. மயங்கிவிட்டீர்களா?” என்று போன் கடைக்குள்ளிருந்து உரக்கக் கேட்டது.

சாலமன் உதவ நினைத்து, போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பால் எடுக்கப் போனார்.

“இது உங்கள் நடை அல்ல. இந்தப் போனை வைத்திருப்பவர் யார்?”

“நட கூடத் தெரியுமாடா இதுக்கு?” என்று சாலமன் கை சுட்டதுபோல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழி இல்லை. சமையலறைக்கு மெஷின் வராவிட்டால் வேலை முடியாது. சமையலறை டீக்கடையில் இருக்கிறது. எனவே மெஷின் டீக்கடைக்கு வர வேண்டும். இதில் ஒரு தப்பும் ஹாஜா மைதீனுக்குத் தெரியவில்லை. மூன்று மாடி உயரத்துக்குக் கோபம் ஏறியிருக்கும்போது யாருக்கும் தெரியாது.

அவன் மேலே போய் வாட்டர் ஃபில்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கைக்குழந்தையைப்போல் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பின்னால் கனகவல்லி படபடவென்று இறங்கி வந்தார்.

“என்னப்பா, மெஷினை எங்க தூக்கிட்டுப் போறே?”

“சமையக்கட்டுக்கும்மா.”

“சமையக்கட்டு மேலேல்ல இருக்கு!”

“அது ஒரிஜினல். நான் ஜெராக்ஸுக்குப் போறேன்.”

கேட்டில் ஏசுபாதம் கையை நீட்டி மறித்தார். “சார், சாமான் வெளிய போனா கேட் பாஸ் வோணும்.”

“இன்னா பெருசு, அம்மா பின்னாடியே வராங்க, தெரியல?”

“அம்மா போட்ட ரூலுதான் சார். செயலாளர் கையெழுத்து இல்லாம ஒரு பக்கெட்டுகூட வெளிய போவக்கூடாது.”

கனகவல்லி அந்த விதியை எழுதியபோது, ஒருநாள் தன் மெஷினுக்காகத் தானே தனக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. ஆனாலும் அவர் முப்பத்தோரு வருடம் டீச்சராக இருந்தவர். ஏசுபாதம் நீட்டிய நோட்டில், பொருள்: தண்ணீர் மெஷின், காரணம்: பழுதுபார்த்தல், எடுத்துச் செல்லும் இடம் என்ற கட்டத்தில் சற்று யோசித்து, சமையலறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டு நிமிடம்.

சாலமன் பெஞ்சில் ஒரு ஓரத்தைக் காலி செய்து கொடுத்தார். ஹாஜா மைதீன் மெஷினை வைத்தான், புது ஃபில்டரைப் பொருத்தினான், குழாயைச் சாலமனின் தண்ணீர் டிரம்மில் விட்டான், ஒயரைக் கடையின் பிளக்கில் சொருகினான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பதினோரு மாதத்தில் அவன் மாட்டாத ஃபில்டரா? மெஷின் ஒருமுறை உறுமி, நூல்போலத் தண்ணீரை விட்டது. அடுப்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருந்த யாரோ அங்கேயே விட்டுப்போன எவர்சில்வர் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு, அவன் படம் எடுத்தான். டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் ‘ஏசு’ என்று கீறியிருந்தது.

கனகவல்லியின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. “பரவாயில்லையே” என்றார்.

போன் யோசித்தது. யோசிக்கும்போது அதன் திரையில் ஒரு சின்ன பூமி சுற்றும்.

“இந்தச் சமையலறையில் பதினான்கு பேரின் குரல் கேட்கிறது. வாடிக்கையாளரின் குடும்ப உறுப்பினர்: ஒருவர்.”

“ஐயோ” என்றான் ஹாஜா மைதீன்.

“பெரிய அடுப்பின் ஓசை கேட்கிறது. எண்ணெய்ச் சட்டியின் ஓசை கேட்கிறது. ‘ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி’ என்ற சொற்கள் கேட்கின்றன. வாடிக்கையாளர் வீட்டு உபயோக மெஷினை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறார். உத்தரவாதம் ரத்து செய்யப்படுகிறது. மெஷின் பூட்டப்படுகிறது.”

மெஷின் ஒரு விக்கல் விட்டு நின்றது.

கனகவல்லியின் கையிலிருந்த போனும் அதே நேரம் சிணுங்கியது. புகார் கொடுக்க வேண்டுமானால் வாடிக்கையாளரும் அதே ஆப்பை வைத்திருந்தாக வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒருமுறை படித்தார். இரண்டாம்முறை உரக்கப் படித்தார்.

“நான் டீக்கடை நடத்தறேனாம்!”

“அம்மா, நீங்க பொறுமையா…”

“முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு, வீட்டுல திருட்டுத்தனமா டீக்கடை நடத்தறேனாம்! சம்பந்தி இப்ப வந்து நிப்பாங்க, அவங்களுக்கு என்ன குடுக்கறது?”

“டீ குடுக்கலாம் டீச்சர்” என்றார் சாலமன் பணிவாக. “கடை உங்களுதுதான.”

ஹாஜா மைதீனுக்குக் காதுக்குள் ரயில் ஓடுவதுபோல் இருந்தது. உண்மையிலேயே ரயிலும் ஓடியது, செங்கல்பட்டு வண்டி. போனை ஓங்கினான். எறிந்தால் ஸ்டேஷன் தாண்டித்தான் விழும்.

“போன் வேகமாக உயர்கிறது” என்றது போன். “நீங்கள் விழுகிறீர்களா?”

கை அந்தரத்தில் நின்றது. பேனாவால் எழுதிய இரண்டு வார்த்தைகள் ஞாபகம் வந்தன. கையை இறக்கினான். முதலில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ள வேண்டும், பிறகு பேச வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு சரியாக வராது என்று தோன்றியது. தெருவைத் தாண்டி, கேட்டுக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குழாயைத் திறந்தான். குழாய்க்குமேல் சுவரில் யாரோ ஒரு சிவப்பு சோப்பும் துண்டும் வைத்திருந்தார்கள். கனகவல்லி விடவில்லை, பின்னாலேயே வந்தார்.

“என் வாரண்டிக்குப் பதில் சொல்லிட்டு மூஞ்சி கழுவு!”

“நீங்கள் வாடிக்கையாளரின் குளியலறையில் இருக்கிறீர்கள்” என்றது சட்டைப் பைக்குள்ளிருந்து போன்.

முகத்தில் தண்ணீர் சொட்ட ஹாஜா மைதீன் உறைந்து நின்றான்.

“இது நடத்தை விதி ஒன்பதுக்கு எதிரானது. வாடிக்கையாளர் கனகவல்லி அவர்களும் அதே குளியலறையில் இருப்பதாகத் தெரிகிறது. இருவரில் ஒருவர் உடனே வெளியேறவும்.”

கனகவல்லி தன் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இரண்டாம் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் துணியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“அறுபத்து மூணு வயசுல இதையெல்லாம் கேக்கணும்னு எனக்கு என்னப்பா தலையெழுத்து?”

“நான் சொல்லலம்மா! அது சொல்லுது!”

“அதோட வாயை மூடு முதல்ல!”

அதன் வாயை மூட வழி தெரியாமல் ஹாஜா மைதீன் ஓடினான். கண்ணில் பட்ட முதல் கதவு ஜெனரேட்டர் அறை. உள்ளே நுழைந்தான். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஒரு பாய், தலையணை, போன வருட காலண்டர். கதவைச் சாத்தப் போனபோது கனகவல்லி காலை உள்ளே வைத்தார்.

“எங்க ஓடறே? மெஷினைப் பூட்டிட்டு ஓடிடலாம்னு பார்க்கறியா?”

“அம்மா, தயவு செஞ்சு உள்ள வராதீங்க…”

“நீங்கள் இருவரும் இப்போது படுக்கையறையில் இருக்கிறீர்கள்” என்றது போன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே குதித்தார்கள்.

“நடத்தை விதி ஒன்பது, இரண்டாம் முறை. மேலும், நீங்கள் சமையலறையை விட்டு வெளியேறியதால் வேலை மூடப்பட்டது. ஆறு நிமிடத்தில் உங்கள் ஐடி முடக்கப்படும். உங்களோடு பணியாற்றியதில் மகிழ்ச்சி.”

ஹாஜா மைதீன் கேட்டை ஒட்டி வேப்பமரத்தடியில் இருந்த சிவப்பு நாற்காலியில் போய் விழுந்தான். அது யாருடைய நாற்காலி என்று கேட்கவில்லை. முதுகுக்கு இதமாக இருந்தது. பழகிய நாற்காலி மாதிரி உடம்பு அதில் தானாகச் சாய்ந்தது. ஏசுபாதம் பக்கத்தில் வந்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், தண்ணி எதுனா…”

“சும்மா இரு பெருசு!”

அப்போது போன் அடித்தது. கிருபாதான். அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

“சார்… நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“நடுத்தெருவுல!” என்று ஹாஜா மைதீன் கத்தினான். “நானும் என் பொண்டாட்டி புள்ளைங்களும் நடுத்தெருவுல கீறோம்! டீக்கடைய சமையக்கட்டுன்றான், குழாயடிய பாத்ரூம்ன்றான், ஜெனரேட்டர் ரூம பெட்ரூம்ன்றான். எவன் மேடம் அவன்? சோறு துன்றவன்தானா?”

“சார், கொஞ்சம் கேளுங்க. நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து யாருக்காகவும் இதைச் சொன்னதில்லை. ஒரு வழி இருக்கு.”

கனகவல்லியும் குனிந்தார். ஹாஜா மைதீன் ஸ்பீக்கரைப் போட்டான்.

“மாடலே பொய்னு நீங்க புகார் குடுக்கலாம். குடுத்தா இன்னிக்கு நடந்தது எல்லாம் ரத்து ஆயிடும். உங்க புள்ளி, மேடமோட வாரண்டி, எல்லாம். ஆனா மாடல் எடுத்த சர்வேயர் மேல நடவடிக்கை வரும். அவருக்கு வாழ்நாள் தடை. எங்க கம்பெனியில எந்த வேலையும் பார்க்க முடியாது. பார்த்துட்டிருந்தா அன்னிக்கே நீக்கிடுவாங்க. அதை வாபஸ் வாங்கவே முடியாது சார். அவருக்கும் குடும்பம் இருக்கும், யோசிச்சு…”

“இன்னாத்துக்கு யோசிக்கணும்? அவன் என் குடும்பத்தப் பத்தி யோசிச்சானா? எழுதுங்க மேடம்!”

“சார், நாலு நிமிஷம் இருக்கு…”

“எழுதுங்க. இந்த இடத்துக்கு அவன் வரவே இல்ல. வந்தாலும் கண்ணத் தொறக்கல. ஒரு படி ஏறல. சோம்பேறி. கம்பெனி சம்பளத்த வாங்கிகினு ஊர ஏமாத்தின பிராடு. அவன வாழ்க்க பூரா எந்த வேலைக்கும் வெக்கக்கூடாது.”

“நல்லா சொன்னே” என்றார் கனகவல்லி.

“பதிவு பண்ணிட்டேன் சார். உறுதி பண்றீங்களா?”

“உறுதி! உறுதி! மூணு வாட்டி சொல்றேன், உறுதி!”

பொத்தானை அழுத்தும் ஓசை கேட்டது. ஹாஜா மைதீனுக்கு அன்று முதல்முறையாக மூச்சு ஆழமாக இறங்கியது. உடம்பெல்லாம் லேசாக, நோன்பு திறக்கும்போது இறங்கும் முதல் குளிர்ந்த தண்ணீர்போல இருந்தது.

“புகார் போயிடுச்சு சார். ஒரே ஒரு விஷயம். அந்த இடத்துலேயே இருக்கிற ஒருத்தர் சாட்சி சொல்லணும். மாடல் எடுக்கறப்ப சர்வேயரை நேர்ல பார்த்தவர் இருந்தா இன்னும் நல்லது. அவர் யாருன்னு சிஸ்டத்துல ஏத்திடலாம்.”

“பெருசு!” ஹாஜா மைதீன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். “இந்தக் கட்டடம் கட்டச்சொல்லவே நீ இங்கதான இருந்த?”

“அஸ்திவாரம் தோண்டச்சொல்லவே கீறேன் சார். அப்ப மாடி ஏது, படி ஏது? தூணும், இந்தக் கொழாயும், ஜெனரேட்டர் ரூமும் மட்டும்தான்.”

“இங்க போனு வெச்சிகினு ஒருத்தன் வந்தானா, அளவெடுக்கறேன்னு?”

“வந்தாரே.”

“பாத்தியா! மேடம், சாட்சி கீது!” அவன் போனை ஏசுபாதத்தின் வாய்க்கு நேராகப் பிடித்தான். “சொல்லு பெருசு, பயப்படாத. அவன் எப்டி இருந்தான், இன்னா பண்ணான், ஒண்ணு விடாம சொல்லு.”

ஏசுபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனில் பேசும்போது சத்தமாகப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“இப்பதாம்மா நல்லா நெனப்பு வருது! போனு புட்ச்சிகினு என் எதுருல நிக்கிறாரே, இந்த சார்தாம்மா அது. நோம்பு, மயக்கமா வருதுன்னு இதே சேர்ல சாஞ்சாரு, ‘பெருசு, நீ ஒரு ரவுண்டு போய், சாப்புடுற எடம், குளிக்கிற எடம், படுக்குற எடம் வந்தா பட்டன அமுக்கிட்டு வா’ன்னு சொல்லிட்டு, மசூதில பாங்கு சொல்றவரைக்கும் தூங்கினாரு, நானும் நான் துன்ற எடம், குளிக்கிற எடம், படுக்குற எடம்னு மூணையும் கரீட்டா அமுக்கினேன், ஒண்ணுகூட தப்பா அமுக்கலம்மா.”